ஆறுமுகத்துக்கு முட்டை பிடிக்காது

மகனே, நேற்று போனில் நீ கேட்ட ஒரே கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "எய்பத்திரெண்டு வயசுல, சோறு போட்ற ஆளை இன்னாத்துக்கு நைனா அட்ச்ச?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், கடைசியில் எதற்குக் கத்தினோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். நம் வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் கடிதம். என் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது. பக்கத்து அறை ரோஸ்லின் டீச்சர்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சை அப்படியே எழுதினால் ராயபுரத்தைத் தாண்டி யாருக்கும் புரியாது என்று பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றி எழுதுகிறார். பேச்சை மாற்றுங்கள், நடந்ததை மாற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இதைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் ஒருமுறை படிக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்வதில் இவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை நீ புழல் வீட்டிலிருந்து கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

இந்த முதியோர் இல்லத்தை நடத்துகிற மேடம் உன்னிடம் சொன்னது எல்லாம் உண்மை. எங்களுக்குச் சோறு ஊட்டுகிற குமாரை நான் எவர்சில்வர் தட்டால் அடித்தேன். இடது புருவத்துக்கு மேல் ஏழு தையல். அவன் கீழே விழுந்த பிறகும் நான் விடவில்லை. நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் மேடம் பார்த்தது கடைசிப் பாதியைத்தான். அதற்கு முன்னால் நடந்தது எனக்கும் குமாருக்கும் ஆறுமுகத்துக்கும் மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

ஆறுமுகம் யார் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உலையருகே நின்றவர். முன்கை இரண்டிலும் தீப்பொறி தெறித்த தழும்புகள் அம்மை போட்ட மாதிரி இருக்கும். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணல், பேச்சு மெதுவாக வரும், ஆனால் அறிவில் ஒரு குறையும் இல்லை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தங்கை மகன் கொண்டுவந்து சேர்த்தான். மேசையில் எனக்கு எதிர் நாற்காலி அவருக்கு. இந்த இல்லத்தைப் பற்றி நீ தப்பாக நினைக்க வேண்டாம். சாப்பாடு சூடாக, நேரத்துக்கு வரும். காலை நாஸ்டாவோடு ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. உடம்பில் சத்து குறையக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. மாதம் ஒருமுறை எல்லாரையும் எடை போடுவார்கள். எடை குறைந்தால் வீட்டிலிருந்து வருகிறவர்கள் மேடத்திடம் சண்டை போடுவார்கள், மேடம் குமாரிடம் சண்டை போடுவார். குமாருக்கு நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். தானாகச் சாப்பிட முடியாத எட்டுப் பேருக்கு அவன் ஒருவன்தான் ஊட்ட வேண்டும். எட்டரைக்குள் முடித்து, யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று நோட்டில் குறி போட்டு, அப்புறம் அதே எட்டுப் பேரையும் குளிப்பாட்ட வேண்டும்.

ஆறுமுகம் வந்த முதல் நாளே முட்டையை ஒதுக்கினார். "இன்னா பெருசு, சைவமா?" என்று குமார் கேட்டான். இல்லை என்றார். ஏதாவது வேண்டுதலா என்று கேட்டான். அதுவும் இல்லை. "அப்பறம் இன்னா?" என்றான். "அந்த வாட புடிக்கலப்பா. சின்ன வயசுலேர்ந்தே புடிக்கல. அவ்ளோதான்" என்றார் ஆறுமுகம். கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் என் குரல்தான் பெரிது. சாமிக்காக விட்டேன் என்றால் கும்பிட்டிருப்போம், டாக்டர் சொன்னார் என்றால் ஒத்துக்கொண்டிருப்போம். வெறுமனே புடிக்கல என்றதும் எங்களுக்கு அது கிழவனின் கொழுப்பாகத் தெரிந்தது. குமார் முட்டையை மசித்துக் கஞ்சியில் கலந்து பார்த்தான். ஆறுமுகம் முதல் வாயிலேயே கண்டுபிடித்துத் துப்பினார். குமாரின் சட்டையெல்லாம் கஞ்சி. மறுநாளும் துப்பினார். ஒரு வாரம் இது நடந்தது. அந்த மாதம் அவர் எடை இறங்கிவிட்டது, தங்கை மகன் வந்து கத்திவிட்டுப் போனான், மேடம் குமாரைக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். அவன் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "இந்தப் பெருசு என் பொய்ப்புல மண்ணப் போட்டுக்கினு கீது" என்று அழாத குறையாகச் சொன்னான். அப்போது நான் அவனுக்கு ஒரு வழி சொன்னேன்.

"தாவாங்கட்டைய அய்த்திப் புட்ச்சிக்கினு மூக்கப் பொத்து. மூச்சுக்கு வாய் தானா தொறக்கும். உள்ள தள்ளிட்டு, முயுங்கற வரிக்கும் கைய எடுக்காத. என் புள்ளைக்கு நான் அப்டித்தான் ஊட்னேன். அதுக்கப்பறம் கல்லக் குட்த்தாலும் துன்னான்." இதுதான் நான் சொன்னது, ஒரு வார்த்தை கூடக் குறையாமல். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். இருக்காது என்று இத்தனை வருடமாக நான் நடித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒன்பது வயது. நான் விசைப்படகை ஓட்டும் ஸ்ராங்காக இருந்தேன். படகு என் கையில், பத்து ஆள் என் சொல்லுக்குக் கீழே. படகில் எவனாவது கொயம்பு நல்லால்ல என்று முகம் சுளித்தால் தட்டைப் பிடுங்கிக் கடலில் வீசுவேன், அவனையும் ஒரு உதை உதைப்பேன். அந்தத் தடவை வலை பாறையில் சிக்கிக் கிழிந்து, என்ஜின் நின்று, இரண்டு நாள் அலையில் மிதந்து, உயிரோடு திரும்பியதே பெரிது. வந்த மீனில் நல்ல வஞ்சிரம் ஒன்றை ஏலத்துக்கு விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கம்மா வறுத்து உன் தட்டில் முதல் துண்டை வைத்தாள். நீ அதைத் தொடாமல், "புடிக்கல நைனா" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். என் காதில் அது, நீ செத்தால் எனக்கென்ன என்று கேட்டது.

உன் தாடையைப் பிடித்தேன். மூக்கைப் பொத்தினேன். வாய் திறந்ததும் மீனை முள்ளோடு திணித்தேன். நீ என் விரலைக் கடித்தாய். கடித்த வேகத்தில் நான் ஓங்கி அறைந்ததில் உன் முகம் அம்மியின் விளிம்பில் போய் மோதி, முன்பல் பாதியாக உடைந்தது. சோறு, மீன், ரத்தம் எல்லாம் உன் வாயில் ஒன்றாகக் கிடந்தன. அப்போதாவது நான் நிறுத்தினேனா? இல்லை. "முயுங்குடா" என்றேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே முழுங்கினாய். உடைந்த பல் துண்டு கீழே கிடைக்கவில்லை என்று உங்கம்மா சாயந்தரம் வரை தேடினாள். அதற்கு முன்னால் அவள் செய்ததும் உனக்குத் தெரியும். மீன் வெட்டுகிற அருவாமனையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து என் கழுத்துக்கு நேராக நிறுத்தினாள். "இன்னொரு தபா என் புள்ள வாயத் தொட்ட, மெய்யாலுமே சொல்றேன், மீன அரியறாப்ல உன் கைய அரிஞ்சிப் போட்ருவேன்" என்றாள். வாழ்நாளில் என்னைப் பயமுறுத்திய ஒரே ஆள் அவள்தான். அதற்குப் பிறகு நான் உன் தட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உன் கல்யாணப் போட்டோவில் ஒன்றில்கூட நீ வாய் திறந்து சிரிக்கவில்லை. நான் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எழுதுங்க டீச்சர், அதைத்தான் முக்கியமா எழுதணும்.

இப்போது அந்தக் காலை. குமார் ஆறுமுகத்தின் பின்னால் போய் நின்று, அவர் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டான். இடது கையால் தாடையையும் மூக்கையும் சேர்த்துப் பிடித்தான். நான் சொன்னபடியேதான். ஆறுமுகத்தின் நல்ல கை மேசையைத் தட்டித் தட்டித் துழாவியது. கால் நாற்காலியை உதைத்தது. வாய் திறந்தது. குமார் கரண்டியை உள்ளே தள்ளினான்; எவர்சில்வர் கரண்டி ஈறில் இறங்கியது. முட்டைக் கஞ்சி சிவப்பாகத் தாடையில் வழிந்தது. அவருக்கு மூச்சு அடைத்து முகம் நீலமாக மாறுகிறது, குமார் கையை எடுக்கவில்லை. "முயுங்கு பெருசு, முயுங்கு" என்கிறான். ஆறுமுகம் எதிரில் இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை, திட்டவில்லை, பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

என் தட்டு என் கையில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. இட்லி பறந்தது. தட்டின் விளிம்பு குமாரின் புருவத்தில் பட்டுத் தோல் வாய் பிளந்த மாதிரி பிளந்தது. அவன் ஆறுமுகத்தை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்தினான். நான் மேசையைச் சுற்றிப் போய் இன்னொன்று விட்டேன். அவன் குனிந்துவிட்டான், என் முஷ்டி கடப்பைக்கல் மேசையில் இறங்கியது. மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. வலி வரவில்லை. படகில் பார்த்தவனுக்குத் தெரியும், எனக்கு வெறி பிடித்தால் வலி கடைசியாகத்தான் வரும். அவனைக் காலால் இடறிக் கீழே தள்ளினேன். முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றி, சிந்திக் கிடந்த முட்டையை இடது கையால் வழித்து அவன் வாயில் திணித்தேன். "துன்னுடா! நீ துன்னு! எப்டி கீதுன்னு பாரு!" என்று கத்தினேன். திரும்பத் திரும்பத் திணித்தேன். அவன் புருவத்திலிருந்து ரத்தம் காதுக்குள் வழிந்தது. பெண்கள் அலறினார்கள், யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், சட்டை கிழிந்தது. அப்போது குமார் முட்டையைத் துப்பிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "நீதான பெருசு சொல்லிக் குட்த்த!"

அதோடு என் கை நின்றது. இரண்டு பேர் என்னைத் தூக்கி அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

ஆறுமுகத்தின் ஈறில் தையல் போட்டு இரண்டு நாள் இளநீர் மட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் தடியூன்றி என் அறை ஜன்னலுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன், எவ்வளவு அசடு பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனுக்காக அட்ச்சன்னு யார்கிட்டயும் சொல்லிகினு திரியாத. நீ அவனுக்கு சொல்லிக் குட்த்தது என் காதுல வுய்ந்துச்சி. உன் பேஜாருக்கு நீ அட்ச்ச. அதுல என்ன இழுக்காத." போய்விட்டார். இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. நாற்காலியையும் வேறு மேசைக்கு மாற்றிக்கொண்டார். நியாயம்தான்.

அதற்குள் எனக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. வலது கை இல்லாதவன் ஆகிவிட்டேன். இடது கையால் முயன்றால் பாதி மேலெல்லாம் சிந்துகிறது. குமார்தான் தட்டோடு வந்தான். புருவத்தில் கறுப்பு நூல் ஏழு முடிச்சு, கண் இமை வீங்கி மூடிக்கிடந்தது. என் எதிரே உட்கார்ந்து கரண்டியை நீட்டினான். மகனே, என் வாய் தானாக இறுக மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. எட்டடி அலையில் படகைத் திருப்பியவன், கத்தி வைத்திருந்தவனை வெறுங்கையோடு மடக்கியவன், ஒரு கரண்டி பொங்கலுக்கு நடுங்கினேன். இவன் இப்போது என் மூக்கைப் பிடித்தால் நான் என்ன செய்வேன்? ஒன்றும் செய்ய முடியாது. குமாருக்கு அது தெரிந்தது. கொஞ்ச நேரம் அதை அவன் அனுபவித்தான் என்றும் நினைக்கிறேன். அப்புறம் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "தொறக்கும்போது தொற. நான் குந்திக்கினுதான் கீறேன்" என்றான். கால் மணி நேரம் ஆனது. இல்லத்துக்குப் பின்னால் கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று போனது, இன்னொன்று வந்தது. பிறகு நான் வாய் திறந்தேன். பொங்கலில் மிளகு தூக்கல். எனக்கு மிளகு ஆகாது. சொல்லப் பயந்து முழுங்கினேன்.

அன்று மத்தியானம் குமார் மேடத்திடம் போய், இனிமேல் எட்டுப் பேருக்கு ஒருவனாக ஊட்டமாட்டேன், ஒவ்வொருவருக்கும் எது ஆகும் எது ஆகாது என்று எழுதிக் கொடுக்காமல் தட்டையே தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். மேடம் டாக்டரைக் கேட்டார். முட்டைதான் வேண்டும் என்று யார் சொன்னது, பயறோ கடலையோ கொடுங்கள் என்றாராம் அவர். ஒரே ஒரு கேள்வி. அதை முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று பேர் உடம்பில் காயம் பட்டிருக்காது. இப்போது மேடம் நோட்டோடு ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்கிறார். ஆறுமுகம் அவித்த வேர்க்கடலை கேட்டிருக்கிறார், மசித்துக் கொடுக்கிறார்கள். நம் டீச்சர் நாலு வருடமாகப் பிடிக்காத சர்க்கரை போட்ட காப்பியை, கேட்டால் தொந்தரவு என்று குடித்துவந்திருக்கிறார். ஒரு அம்மா, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதும் விழித்துவிட்டு, "தெர்லியேம்மா" என்று அழுதார். நான் நெத்திலிக் கருவாடு கேட்டேன். வாடை வரும், எதிர் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், முடியாது என்றார் மேடம். சரி என்றேன். கிடைக்காது என்பது வேறு, வாயில் திணிப்பது வேறு.

இவ்வளவும் உன்னிடம் சொல்வதற்குக் காரணம் இந்த இல்லம் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் சாப்பிட்டோமே, அதுதான் காரணம். என் பேத்தி ஜெனிக்கு நாலு வயது. கத்திரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, "வேணாம்ப்பா" என்றாள். நீ போனைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், இடது கையால் அவள் தாடையைப் பிடித்தாய். கட்டைவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில். வாய் மீன் வாய் மாதிரி குவிந்தது. உருண்டையை உள்ளே தள்ளினாய். உன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். மனசுக்குள், பரவாயில்லை, என் மகனுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரிகிறது என்றுகூட நினைத்தேன். அந்தக் கை உன் கை இல்லை. அது நான் உனக்குக் கொடுத்த கை. எனக்கு எங்கப்பன் கொடுத்தது. எங்கப்பன் என்னைப் பட்டினி போட்டுக் கட்டிவைத்தவன், அதை இன்னொரு நாள் சொல்கிறேன். குமாருக்கு நான் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொண்டான், அவ்வளவு சுலபம். விடுவதற்குத்தான் எனக்கு எழுபத்திரெண்டு வயதும் ஒரு உடைந்த மணிக்கட்டும் தேவைப்பட்டது. உனக்கு அவ்வளவு ஆக வேண்டாம். அவள் வேணாம் என்றால் ஏன் என்று கேட்காதே. வேறு என்ன வேண்டும் என்று கேள். பசித்தால் வருவாள். அடுத்த வேளைக்கு வராவிட்டால் அதற்கடுத்த வேளைக்கு வருவாள். உன்னைப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்கிற பிள்ளையாக அவள் ஆகிவிடக் கூடாது. ஆகிவிட்டால் அப்புறம் சோற்றுக்கு மட்டும் இல்லை, பேச்சுக்கும் அந்த வாய் திறக்காது. உன்னைத்தான் பார்க்கிறேனே.

சனிக்கிழமை வரும்போது என்னை அழைத்துக்கொண்டு போகிற எண்ணத்தோடு வராதே. மேடம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வேண்டாம் என்றால் வேறு இடம் தேடுவோம், உன் வீட்டுக்கு இப்போது வரமாட்டேன். குமாரிடம் போய் எனக்காகக் கெஞ்சவும் செய்யாதே. அவன் இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். போவதற்கு முன்னால் என் அறைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனான். ஆறுமுகத்துக்குத் தான் செய்ததையும் அதிலேயே எழுதப் போவதாகச் சொன்னான். மேடம் வேண்டாம், இல்லத்தின் பேர் கெடும் என்று தடுத்துப் பார்த்தார். "போ குமாரு, எழுதிக் குடு. கேட்டா ஆமான்னு சொல்லுவேன்" என்றேன் நான். தலையாட்டினான். சிரிக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து வர ஒரு மணி ஆகிவிட்டது. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு என் தட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தான். சோற்றைக் கரண்டியால் பிரித்துவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இன்னா பெருசு, ரசமா மோரா?" என்று கேட்டான். மோர் என்றேன். மோர் ஊற்றினான்.